வயலை ஈடு வைக்காதேங்கோ அக்கா, பிள்ளை வீட்டில இருந்தே ஆய்வுக்கட்டுரை போடலாம்

கிளிநொச்சிப் பக்கத்தில இருந்து ஒரு அக்கா போன கிழமை போன் எடுத்து அழுதவா. மகள் புவியியல் ஸ்பெஷல் முடிச்சு ரெண்டு வருசம், நியமனம் ஒண்டும் இல்லை, பஸ்ஸிலயும் சைக்கிளிலயும் மாங்குளம், ஒட்டுசுட்டான் எண்டு திரிஞ்சு சின்னச் சின்னக் குளங்களின்ர பழைய பேரை வயசான ஆக்களிட்டக் கேட்டுக் கொப்பியில எழுதுறாவாம். லண்டன் சித்தப்பா சொல்லுறாராம், ஆராய்ச்சி எண்டால் இஞ்ச வந்து மாஸ்டர்ஸ் செய்யட்டும், பாதிக் காசு நான் தாறன், மிச்சத்துக்கு முரசுமோட்டை வயலை ஈடு வையுங்கோ எண்டு.

முதல்ல அழாதேங்கோ எண்டுதான் சொன்னன், பிறகு கொஞ்சம் கடுமையாவே கதைச்சிட்டன்.

வயலைத் தொடாதேங்கோ அக்கா. அங்க வழமையான மாஸ்டர்ஸ் ஒரு வருசம், அதில ஆய்வுக்கெண்டு வாறது கொஞ்ச மாசம்தான். உங்கட பிள்ளை கேட்டது சேர்டிபிகேட் இல்லை, தான் சேர்த்தது அச்சில வரோணும் எண்டதுதான். அதுக்குக் கம்பஸ் பேர் கட்டாயமில்லை. ராமானுஜன்ட முதல் கட்டுரை 1911ல இந்தியக் கணிதச் சங்கத்தின்ர சஞ்சிகையில வரேக்க அவரிட்ட டிகிரியும் இல்லை, நிரந்தர வேலையும் இல்லை.

டீச்சிங், பாங்க் சோதனை எல்லாம் ஊருக்கே தெரியும், அதை விடுறன். கட்டுரை சம்பளம் தராது, அதால ஏதாவது ஒரு வேலையோட பக்கத்தில இதைச் செய்யட்டும்.

நிறுவனம் எண்டு கேக்கிற இடத்தில "சுயாதீன ஆய்வாளர், கிளிநொச்சி" எண்டு போட்டால் சரி. ஓர்கிட் (ORCID) எண்டு ஆய்வாளரை அடையாளம் காட்டுற 16 இலக்க நம்பர் ஒண்டு இலவசமா எடுக்கலாம், கலியாணத்துக்குப் பிறகு பேர் மாறினாலும் கட்டுரை எல்லாம் அந்த நம்பரோடயே நிக்கும். சஞ்சிகை தேட டிஓஏஜே (DOAJ) எண்ட, இலவசமா வாசிக்கக்கூடிய ஆய்வுச் சஞ்சிகையளின்ர இணையப் பட்டியலைப் பாக்கட்டும், எது எழுதினவரிட்டக் காசு வாங்குது, எது வாங்கேல்லை எண்டு அதிலயே இருக்கு. வாசிக்கிறதுக்கு ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைனும் நூலகம் தளமும் இலவசம், காசு கட்டினால்தான் திறக்கிற கட்டுரையை எழுதினவருக்கே மெயில் போட்டுக் கேக்கலாம், கனபேர் அனுப்புவினம். 1895ல ஜே.பி. லூயிஸ் எழுதின வன்னிக் கையேட்டையும் தேடி எடுத்துப் பக்கத்தில வச்சு, அதில உள்ள எந்தப் பேர் இப்பவும் சனத்தின்ர வாயில இருக்கு எண்டு பாத்தால் அதுவே ஒரு நல்ல கேள்வி.

ஒரு நேரத்தில ஒரு சஞ்சிகைக்குத்தான் அனுப்போணும். மாசக்கணக்கா இழுக்கும், திருப்பியும் அனுப்புவினம், ரிவியூவர், அதாவது கட்டுரையை வாசிச்சு மதிப்பிடுற துறை ஆள், எழுதினதை வச்சுத் திருத்தி அடுத்த இடத்துக்குப் போடோணும், அதில வெக்கப்பட ஒண்டுமில்லை. "மதிப்புக்குரிய பேராசிரியர்" எண்டு கூப்பிட்டு ஒரு கிழமையில போடுறம் இவ்வளவு டொலர் எண்டு மெயில் வந்தால் அழிச்சுப்போடுங்கோ, ஒரு சதமும் குடுக்காதேங்கோ. ஐரோப்பாவில இருக்கிற சேர்ன் (CERN) ஆராய்ச்சி நிலையம் நடத்துற செனோடோ (Zenodo) எண்ட இணையக் களஞ்சியத்தில 2013ல இருந்து யாரும் கட்டுரையைக் காசில்லாமல் ஏத்தலாம், டிஓஐ (DOI) எண்ட நிரந்தர அடையாள நம்பரும் கிடைக்கும், ஆனால் அது ரிவியூ செய்ததாகாது, சஞ்சிகை சம்மதிக்குதோ எண்டு பாத்திட்டுப் போடட்டும்.

கஷ்டம் ஒண்டு இருக்கு. ஆக்களிட்டக் கேட்டு எழுதின ஆய்வெண்டால் சில சஞ்சிகையள் நெறிமுறை அனுமதி, அதாவது ஆக்களைப் பாதிக்காமல் ஆய்வு நடக்குது எண்டு ஒரு குழு பாத்துக் குடுக்கிற அனுமதி, கேக்கும், தனி ஆளுக்கு அதுக்கொரு குழு இல்லை. அதால கதைக்கிற ஒவ்வொருவரிட்டயும் இண்டைக்கே சம்மதம் வாங்கி எழுதி வைக்கட்டும், அனுப்ப முதல் ஆசிரியருக்கு நிலைமையைச் சொல்லிக் கேக்கட்டும். இல்லாட்டி பழைய விரிவுரையாளர் ஒருவர் உண்மையாவே வேலை செய்து சேர்ந்து எழுதலாம். சும்மா பேர் போடக் கேட்டால் விடக்கூடாது, வெயிலுக்க திரிஞ்சது அவா.

சித்தப்பா நல்ல மனசோடதான் சொன்னவர். உதவ ஆசை எண்டால் ஒரு லப்டொப் அனுப்பச் சொல்லுங்கோ, அந்தக் கொப்பியள் மழையில நனைய முதல் எல்லாத்தையும் டைப் பண்ணோணும்.