சட்டமன்றத்தில் பேஜ் பிள்ளைகள்: கேட்டதும் சொன்னதும்

அமெரிக்காவின் மேற்குப் பக்கம் ஒரு மாநிலச் சட்டமன்றத்தில் பதினோரு கூட்டத்தொடர்கள் பேஜ் பிள்ளைகளுக்கு மேற்பார்வையாளராக இருந்தேன். பேஜ் என்பவர்கள், அவை நடக்கும்போது திருத்தத் தாள்களையும் சீட்டுகளையும் கோப்புகளையும் உறுப்பினர்களிடம் கொண்டு சேர்க்கிற பள்ளிப் பிள்ளைகள். பழைய வழக்கம் இது. 1829இல் செனட் உறுப்பினர் டேனியல் வெப்ஸ்டர், கிராஃப்டன் ஹான்சன் என்ற 9 வயதுச் சிறுவனை அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் இந்த வேலைக்குச் சேர்த்தார். இன்று செனட்டில் 16, 17 வயதுப் பிள்ளைகளை மட்டும் எடுக்கிறார்கள். அவர்கள் தலைநகரிலேயே தங்கி, விடியற்காலையில் வகுப்பு முடித்துவிட்டு வேலைக்கு வருவார்கள். மாநிலங்களில் ஏற்பாடு வேறு. வாஷிங்டன் மாநிலத் தலைநகர் ஒலிம்பியாவில் 14 முதல் 16 வயது வரை, ஒரு வாரம் வேலை. நம் தமிழ்க் குடும்பங்களில் இதைப் பற்றி விசாரிப்பவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, மகன் ஒன்பதாம் வகுப்பு. ஒரு வாரம் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுப் பெரியவர்களுக்குத் தாள் சுமப்பதில் என்ன படிப்பு இருக்கிறது என்று என் கணவர் கேட்கிறார். என்ன சொல்வது?

நான் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள். ஆப்பிள் தோட்டங்கள் இருக்கிற ஒரு சின்ன ஊரிலிருந்து 14 வயதுப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். செவ்வாய்க்கிழமை மதியம் அவள் கையில் ஒரு திருத்தத்தின் பிரதிகளைக் கொடுத்து மேசை மேசையாக வைக்கச் சொன்னேன். ஒரே ஒரு வரித் திருத்தம். மசோதாவில் 'ஷல்' என்று இருந்ததை அடித்துவிட்டு 'மே' என்று போட வேண்டும். அதாவது துறை ஒரு வேலையைச் 'செய்ய வேண்டும்' என்பது 'செய்யலாம்' என்று ஆகிவிடும். தாளை வைத்துவிட்டுச் சுவர் ஓரம் வந்து நின்றாள். அந்த ஒரு சொல்லுக்காக முக்கால் மணி நேரம் வாதம் நடந்தது. குரல்கள் உயர்ந்தன. கடைசியில் திருத்தம் தோற்றது. வெளியே வந்ததும், "ஒரு சொல்லுக்கா இவ்வளவு?" என்று கேட்டாள். மறுநாள் வகுப்பில் பிள்ளைகளே மசோதா எழுதிப் பார்க்கும் பயிற்சி. அவள் எழுதியதில் ஒன்பது இடத்தில் 'ஷல்' இருந்தது. ஒவ்வொன்றையும் ஏன் போட்டாள் என்று அவளால் சொல்ல முடிந்தது.

ஒலிம்பியாவிலும் இப்படி வேலைக்கு நடுவே தினமும் வகுப்பு உண்டு. பிள்ளைகள் தாங்களே குழுவாக உட்கார்ந்து மாதிரி விசாரணை நடத்துவார்கள். விட்டுப்போன பாடத்தைத் திரும்பி வந்து படித்துக்கொள்ளலாம். ஆசிரியர்களிடம் முன்கூட்டியே கேட்டு வீட்டுப்பாடத்தை வாங்கி வைத்துவிடுங்கள், போதும்.

வரும் ஜனவரியிலிருந்து நான் ஒரு மாநிலத்தில் உதவி மேற்பார்வையாளர். இதற்கு முன் பிள்ளைகளோடு வேலை பார்த்ததில்லை. முதல் நாள் என்ன சொல்ல வேண்டும்?

முதலில் "சாப்பிட்டீர்களா?" என்று கேளுங்கள். உண்மையாகவே அதுதான் முதல் கேள்வி. பதற்றத்தில் பாதிப் பேர் வெறும் வயிற்றோடு வருவார்கள். என் இரண்டாம் ஆண்டில், அவை தொடங்குமுன் எல்லோரும் எழுந்து நிற்கும் நேரத்தில் ஒரு பையன் நின்ற இடத்திலேயே சரிந்து விழுந்தான். காலையில் எதுவும் சாப்பிடவில்லை. முழங்காலை விறைப்பாக வைத்துப் பத்து நிமிடம் அசையாமல் நின்றிருக்கிறான். கம்பளத்தில் விழுந்ததால் அடி படவில்லை. எனக்குத்தான் கை நடுங்கியது. அப்புறம் ஒவ்வொரு திங்களும் எல்லோரையும் நிற்கவைத்து, முழங்காலை லேசாகத் தளர்த்தி நிற்பது எப்படி என்று காட்டிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்கினேன். அறையில் எப்போதும் வாழைப்பழமும் பிஸ்கட்டும் இருக்கும்.

அடுத்தது செருப்பு. இந்த வாரத்துக்கென்று வாங்கிய புது ஷூவில் வருவார்கள். புதன்கிழமை குதிகாலில் கொப்புளம் வந்துவிடும். பிளாஸ்திரி டப்பா ஒன்று கைவசம் இருக்கட்டும்.

அதற்கப்புறம்தான் கட்டடம். வரைபடத்தைக் கையில் கொடுத்துவிட்டு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் மண்டையில் ஏறாது. இரண்டு இரண்டு பேராக அனுப்பி, ஐந்து அறைகளைக் கண்டுபிடித்து வரச் சொல்லுங்கள். தொலைந்து போகட்டும். கேட்டுத் திரும்பி வரட்டும். அவைக்குள் நடக்கும் முறைக்கும் ஒத்திகை தேவை. பேசிக்கொண்டிருக்கும் உறுப்பினருக்கும் அவைத்தலைவருக்கும் குறுக்கே போகக் கூடாது, ஓடக் கூடாது, மடித்த சீட்டைப் பிரிக்கக் கூடாது. இந்த மூன்றையும் வெறும் அவையில் நடந்து பார்த்தால் அரை மணியில் வந்துவிடும்.

ஒரு பிள்ளை தவறு செய்தால் மற்ற பிள்ளைகள் முன்னால் கண்டிக்க வேண்டாம். தனியாகச் சொல்லுங்கள். ஆனால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்னொரு ஊழியர் பார்க்கிற இடத்தில் வைத்துச் சொல்லுங்கள். ஏன் என்பதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

எனக்கு ஒரே மகள், 15 வயது. அதிகாரத்தில் இருக்கும் பெரிய மனிதர்கள் நடுவே ஒரு வாரம் விடுவது பாதுகாப்பா? பயமாக இருக்கிறது.

அம்மா, உங்கள் பயத்தில் தவறே இல்லை. இந்தத் திட்டங்களின் வரலாற்றில் கெட்ட பக்கங்கள் உண்டு, மறைக்கப் போவதில்லை. 1983இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் அவை, 17 வயது பேஜ்களோடு தகாத உறவு வைத்திருந்த இரண்டு உறுப்பினர்களுக்கு அவையில் வைத்தே கண்டனம் நிறைவேற்றியது. 2006இல் இன்னொரு உறுப்பினர், பேஜாக இருந்த பிள்ளைகளுக்கு அனுப்பிய ஆபாசச் செய்திகள் வெளியே வந்ததும் பதவி விலகினார். அந்த அவை தன் பேஜ் திட்டத்தையே 2011இல் மூடிவிட்டது. ஆண்டுக்கு 50 லட்சம் டாலருக்கு மேல் செலவாகிறது, மின்னஞ்சல் வந்தபின் தாள் கொண்டுபோக ஆள் தேவையில்லை என்று காரணம் சொன்னார்கள். செனட்டில் திட்டம் இன்னும் நடக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றுதான். உறுப்பினரைப் பகைத்துக்கொள்ளத் துணிவில்லாத மேற்பார்வையாளர் இந்த வேலைக்கு வரவே கூடாது. எங்கள் அறையில் விதிகள் கறாராக இருந்தன. எந்தப் பிள்ளையும் யாருடைய காரிலும் தனியாக ஏறக் கூடாது. உறுப்பினரின் அறைக்குள் போனால் கதவு திறந்திருக்க வேண்டும். துணி வெளுக்கும் கடைக்கும் மருந்துக் கடைக்கும் சொந்த வேலையாக யாரும் அனுப்பக் கூடாது. ஊழியரோ உறுப்பினரோ பிள்ளையின் கைபேசி எண்ணைக் கேட்கக் கூடாது.

பிள்ளைகளுக்கு நான் கற்றுக்கொடுத்த ஒரு வாக்கியம் உண்டு: "மேற்பார்வையாளரிடம் கேட்டுவிட்டு வருகிறேன், ஐயா." திங்கள் காலை எல்லோரையும் இதை வாய்விட்டுச் சொல்ல வைப்பேன். பெரியவரிடம் "முடியாது" என்று சொல்லச் சொன்னால் 14 வயதுப் பிள்ளைக்கு நா எழாது. இதைச் சொல்லிவிட்டு நடந்து வந்துவிட முடியும். ஒருமுறை ஒரு பையன் வந்து, "ஒருவர் தன் காரிலிருந்து பெட்டி எடுத்து வரக் கூப்பிட்டார், கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்" என்றான். அந்த உறுப்பினர் மனதில் கெட்டது எதுவும் இருந்திருக்காது. ஆனாலும் வாகன நிறுத்தத்துக்கு நானே போய்ப் பெட்டியை எடுத்துக் கொடுத்து, விதியையும் சொன்னேன். அவர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

மகளை அனுப்புமுன் நீங்கள் திட்ட அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள். பிள்ளை புகார் சொல்ல வேண்டுமானால் யாரிடம் சொல்ல வேண்டும், மேற்பார்வையாளர் மீதே புகார் என்றால் யாரிடம் போவது, வெளியூர்ப் பிள்ளையை அந்த வாரம் வீட்டில் தங்கவைக்கும் குடும்பத்தாரின் (தங்கும் வீட்டார்) பின்னணியைச் சரிபார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். தயங்காமல் பதில் வந்தால் அனுப்புங்கள். "அதெல்லாம் ஒன்றும் ஆகாதுங்க" என்று மழுப்பினால் அனுப்பாதீர்கள்.

ஆன்ட்டி, எனக்கு 16. போனை வாங்கி வைத்துக்கொள்வீர்களாமே?

அவைக்குள் போகும்போது மட்டும்தான் கண்ணு. அங்கே உன் காதில் விழுவது எதிலும் படமாகவோ பதிவாகவோ வரக் கூடாது. சாப்பாட்டு நேரத்தில் போன் உன் கையில் இருக்கும். அம்மாவுக்கு ஒரு வார்த்தை பேசிவிடு.

பின்னிரவு வரை அவை நடக்குமாமே? பிள்ளைகளும் இருக்க வேண்டுமா? சிறார் வேலை நேரச் சட்டம் எதுவும் இல்லையா?

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி 14, 15 வயதுக்காரர்கள் பள்ளி நாளில் 3 மணி நேரம், பள்ளி வாரத்தில் 18 மணி நேரம்தான் வேலை செய்யலாம். பள்ளி நடக்கும் மாதங்களில் மாலை 7 மணிக்கு மேல் கூடாது. ஆனால் அதே சட்டம் 'ஊழியர்' என்பதற்குச் சொல்லும் வரையறையில், மாநிலச் சட்டமன்றத்தின் ஊழியர்களைப் பொதுவாக வெளியே வைத்துவிடுகிறது. பலருக்கு இது தெரியாது. ஆகவே கடையில் வேலை செய்யும் பிள்ளைக்கு இருக்கும் அரண், பேஜ் பிள்ளைக்கு அந்தந்த மாநிலமும் மேற்பார்வையாளரும் போடுகிற விதியில்தான் இருக்கிறது. நான் மாலை 5:30க்கு அனுப்பிவிடுவேன். முக்கியமான வாக்கெடுப்பு இருக்கிறது, இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமே என்று பிள்ளைகளே கெஞ்சுவார்கள். பார்வையாளர் மாடத்தில் தங்கும் வீட்டாரோடு உட்கார்ந்து பார்க்கலாம் என்பேன். ஆனால் வேலையாக அல்ல, பார்வையாளராக.

மகனுக்கு அரசியல் கருத்து அதிகம். பிடிக்காத கட்சிக்காரருக்கு வேலை செய்ய மாட்டேன் என்கிறான்.

அவனை எனக்கு இப்போதே பிடித்துவிட்டது. கருத்து இருக்கட்டும். ஆனால் அவைக்குள் சட்டையில் பேட்ஜ் குத்துவது, கை தட்டுவது, தலையாட்டுவது எதுவும் கூடாது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே வேகத்தில் தாள் போக வேண்டும். இப்படி வந்த ஒரு பையனை நான் வேண்டுமென்றே அவனுக்குப் பிடிக்காத பக்கத்து வரிசைக்குப் போட்டேன். வெள்ளிக்கிழமை அவன் கருத்து மாறவில்லை. ஆனால் எதிர்த்தரப்பு வாதத்தை அவர்கள் சொன்ன மாதிரியே எடுத்துச் சொன்னான்.

எங்கள் பெண்ணின் பெயர் நீளம். அங்கே எல்லோரும் தப்பாகக் கூப்பிடுவார்கள், சுருக்கி ஒரு பெயர் கொடுத்துவிடலாமா?

வேண்டாம். சில அவைகளில் உறுப்பினர் எழுந்து பேஜை அறிமுகப்படுத்துவார், அது குறிப்பில் ஏறும். முழுப் பெயரே ஏறட்டும். உச்சரிப்பை அசை பிரித்து எழுதி, முந்தின நாளே அந்த உறுப்பினரின் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். நம் பெயர்களை அறிமுக அட்டையில் இப்படி எழுதிக் கொடுத்த ஒவ்வொரு முறையும் அவர்கள் நின்று நிதானமாகப் படித்ததைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பெண்ணுக்கே சுருக்குப் பெயர்தான் பிடிக்கும் என்றால் அது வேறு. அதை அவளிடம் கேளுங்கள்.

நாங்கள் சைவம். வேறொருவர் வீட்டில் ஐந்து நாள் தங்குவது எப்படி?

தங்கும் வீட்டாருக்கு "வெஜிடேரியன்" என்று மட்டும் எழுதினால் மீன் சாப்பிடுவார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. முட்டை சரியா, இறைச்சி வேகவைத்த சாறு சரியா என்று தெளிவாக எழுதுங்கள். ஒரு பாட்டில் ஊறுகாயும் பருப்புப் பொடியும் கொடுத்து அனுப்புங்கள். வீட்டு நினைப்பு செவ்வாய் இரவுதான் அதிகம் வரும். திங்கள் பரபரப்பில் ஓடிவிடும். செவ்வாய் இரவு பிள்ளை அழுது போன் செய்தால் உடனே காரை எடுக்காதீர்கள். எங்களுக்குச் சொல்லுங்கள். புதன் காலை அந்தப் பிள்ளைக்கு ஓடியாடும் வேலையாகப் பார்த்துக் கொடுப்போம்.

சம்பளம் உண்டா?

பல மாநிலங்களில் நாளுக்கு இவ்வளவு என்று உண்டு. பயணமும் உடையும் வாங்க வழியில்லாத பிள்ளைகளுக்கு வாஷிங்டன் மாநிலத்தில் உதவித்தொகையும் இருக்கிறது. கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

போன வருடம் நான் பேஜாக இருந்தேன். ஒரு சீட்டைத் தவறான உறுப்பினரிடம் கொடுத்துவிட்டேன். இன்னும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

தம்பி, ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் அதைச் செய்வார்கள். பின்னால் நின்றபடி, வழுக்கைத் தலையை மட்டும் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தால் யாருக்கும் தவறும். நீ செய்த பிறகு என்ன செய்தாய் என்பதுதான் எனக்கு முக்கியம். உடனே மேற்பார்வையாளரிடம் சொன்னாயா? சொல்லியிருந்தால் உன்னை மறுபடியும் எடுத்துக்கொள்வேன். சொல்லவில்லை என்றாலும், இப்போது என்னிடம் சொல்லிவிட்டாய்.

எந்த வாரத்துக்கு விண்ணப்பித்தால் நல்லது?

ஒலிம்பியாவில் கூட்டத்தொடர் ஜனவரி இரண்டாம் திங்கள் தொடங்கும். ஒற்றைப்படை ஆண்டில் 105 நாள், இரட்டைப்படை ஆண்டில் 60 நாள். முதல் இரண்டு மூன்று வாரம் பெரும்பாலும் குழு விசாரணைகளில் போகும், அவை சீக்கிரம் கலைந்துவிடும். சட்டமன்றத்தின் இரண்டு அவைகளில் ஒன்றில் தொடங்கிய மசோதா அங்கே நிறைவேற வேண்டிய கெடு நெருங்கும் வாரம்தான் பார்க்க வேண்டிய வாரம். வாக்கெடுப்பு மேல் வாக்கெடுப்பாகப் போகும், திருத்தங்கள் குவியும், பிள்ளைக்கு உட்கார நேரமிருக்காது. அந்த வாரங்களுக்குப் போட்டி அதிகம். உங்கள் தொகுதி உறுப்பினரின் பரிந்துரையும் வேண்டும், ஆகவே இலையுதிர் காலத்திலேயே அவர் அலுவலகத்துக்கு எழுதிவிடுங்கள். கடிதத்தைப் பிள்ளையே எழுதட்டும். அப்பா அம்மா எழுதிக் கொடுத்தது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.