தொண்ணூறு வயதுக்கு என்ன வாங்கிக் கொடுப்பது?

போன மாதம் வயதானவர்களுக்குப் பரிசு வாங்குவது பற்றிப் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த முறை மொத்த இடத்தையும் பிடித்துக்கொண்டன. நீளமானவற்றை வெட்டியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு 91 வயது. பிள்ளைகள் வெளியூரில். நான் வேலைக்குப் போன காலத்தில் என் மகளைப் பார்த்துக்கொண்டவர். அடுத்த வாரம் அவருக்குப் பிறந்தநாள். 500 ரூபாய்க்குள் என்ன வாங்கலாம்? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: கடைக்குப் போவதற்கு முன்னால் அவர் வீட்டில் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். காபி கொடுத்தால் குடியுங்கள். கண் மட்டும் சும்மா இருக்க வேண்டாம். ராத்திரி எழுந்து பாத்ரூம் போகும் வழியில் வெளிச்சம் இருக்கிறதா? செருப்பின் அடி வழவழவென்று தேய்ந்துவிட்டதா? தேதி பார்க்கக் காலண்டருக்கு மூக்கு உரசுகிற அளவு கிட்டே போகிறாரா? வெற்றிலை போடுகிறவர் என்றால், இடிக்கிற உரல் அவர் தூக்குகிற கனத்தில் இருக்கிறதா? இதில் ஏதாவது ஒன்று கண்ணில் படும். பிளக்கில் செருகும் சின்ன இரவு விளக்கு, பெரிய எழுத்துத் தினசரி காலண்டர், அழுத்தமான பட்டன் உள்ள டார்ச், எல்லாமே உங்கள் 500 ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

இதை நான் புத்திசாலித்தனமாகக் கண்டுபிடிக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு, அப்போது அவருக்கு 93, நேரத்தை வாயால் சொல்லும் கடிகாரம் ஒன்றை 850 ரூபாய் கொடுத்து வாங்கிப் போனேன். கண் மங்கிய மனிதருக்கு இதைவிட என்ன வேண்டும் என்று எனக்குள் ஒரே பெருமை. அது மணிக்கு ஒருமுறை ஆங்கிலத்தில் கத்தியது. ராத்திரி இரண்டு மணிக்கும் கத்தியது. நிறுத்துகிற விதம் குறிப்புத்தாளில் கடுகு எழுத்தில் இருந்தது, அதை எனக்கே படிக்க முடியவில்லை. நாலாவது நாள் தாத்தா பேட்டரியைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார். "ஏதாவது செய்யணும்னு இருந்தா, இந்தத் தடிக்கு அடி ரப்பர் வாங்கிட்டு வா தம்பி" என்றார். தடியைத் திருப்பிப் பார்த்தால் ரப்பர் தேய்ந்து உள்ளே இருக்கும் குழாய் தெரிகிறது. அந்தத் தடியை ஊன்றித்தான் அவர் ஈர முற்றத்தில் நடந்துகொண்டிருந்தார். வாரத்துக்கு மூன்று நாள் அவரோடு பேசுகிறவன் நான், அதுவரை அதைக் கவனிக்கவே இல்லை. மருந்துக் கடையில் வாங்கினேன், 50 ரூபாய்கூட ஆகவில்லை. நீங்களும் வாங்குவதாக இருந்தால் பழைய ரப்பரைக் கையோடு கொண்டு போய் அளவு பாருங்கள். லொடலொடவென்று இருக்கும் ரப்பர், தேய்ந்த ரப்பரைவிட மோசம்.

கேள்வி: 88 வயது மாமாவுக்கு ஸ்மார்ட் வாட்ச் கொடுக்கலாமா? (கோவை)

பதில்: தினமும் போய் சார்ஜ் போட்டுக் கொடுப்பீர்கள் என்றால் கொடுக்கலாம்.

கேள்வி: மாடி வீட்டு அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. தீபாவளிக்கு 'சுகர் ஃப்ரீ' இனிப்புப் பெட்டி கொடுத்தால் பரவாயில்லையா? (வேலூர் வாசகர்)

பதில்: அந்தப் பெட்டியில் இல்லாதது சர்க்கரை மட்டும்தான். மாவு இருக்கிறது, பால்கோவா இருக்கிறது, நெய் இருக்கிறது. மாவும் பாலும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். இனிப்புக்காகச் சேர்க்கிற மால்டிட்டால் போன்றவை கொஞ்சம் கூடினால் வயிற்றைக் கலக்கிவிடும், அந்த வயதில் அது சின்னத் தொல்லை இல்லை. சரி, பழம், இளநீர் என்று போகலாமா என்றால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் ஆகாது, இளநீரும் வாழைப்பழமும் அதில் சேரும். சாப்பிடுகிற பொருளாகத்தான் கொடுக்க வேண்டும் என்றால் வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் சாமி படத்துக்கு நாலு முழம் மல்லி வாங்கிக் கொடுங்கள். மருத்துவரைக் கேட்க வேண்டியதில்லை.

கேள்வி: காது மந்தமான பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்காக, ஃபேஸ்புக் விளம்பரத்தைப் பார்த்து 1,999 ரூபாய்க்குக் காது கேட்கும் கருவி வாங்கினேன். போட்டவுடன் இரைச்சலில் துடித்துப்போனார். "சேல் பொருள், திருப்ப முடியாது" என்கிறார்கள். அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது. (மதுரை வாசகி)

பதில்: வெட்கப்பட வேண்டியது நீங்கள் இல்லை. நல்லெண்ணத்தோடு போனவரை ஏமாற்றியிருக்கிறார்கள்.

உங்களுக்கு வந்தது பெரும்பாலும் எல்லா ஒலியையும் ஒரேயடியாகக் கூட்டித் தரும் ஒலிபெருக்கிதான். முதுமையில் காது எல்லாச் சத்தத்துக்கும் ஒரே மாதிரி மந்தமாவதில்லை. முதலில் போவது கீச்சென்ற மேல்சுருதி ஒலிகள். பேச்சில் ச, ஸ மாதிரியானவை நழுவும். அதனால்தான் "நீ பேசுறது கேக்குது, ஆனா புரியல" என்பார்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினால் மிக்ஸி சத்தமும் பஸ் ஹாரனும் மண்டையைப் பிளக்கும், பேச்சு மட்டும் தெளியாது. சரியான கருவி என்றால் செவித்திறன் சோதனை செய்து, எந்தச் சுருதியில் எவ்வளவு குறை என்று பார்த்து, அவர் காதுக்கென்று அமைத்துத் தருவது. அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் முதலில் காட்டுங்கள். சில சமயம் காதில் அடைத்த குறும்பியை எடுத்தாலே பாதி சரியாகிவிடும்.

பணத்துக்கு வருவோம். 2020 மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திருப்பி வாங்க மாட்டேன் என்று விற்பவர் சொல்லக் கூடாது. தள்ளுபடி விற்பனை என்பது அதற்குச் சாக்கு இல்லை. விளம்பரம், பணம் கட்டிய விவரம், அவர்களோடு நடந்த உரையாடல் எல்லாவற்றையும் இன்றைக்கே படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பக்கம் நாளைக்கு இருக்காது. விற்ற நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இல்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. விற்றவருக்கு முகவரியே இல்லை, போனும் எடுக்கவில்லை என்றால் அது மோசடி. இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: எதிர்வீட்டு ஐயாவின் சதாபிஷேகத்துக்கு வெள்ளிக் கிண்ணம் கொடுத்தோம். ஆறு மாதத்தில் உள்ளே செம்பு தெரிகிறது. தெரிந்த கடை என்பதால் பில் வாங்கவில்லை. இப்போது "இது எங்கள் கடைப் பொருளே இல்லை" என்கிறார். (சேலம் வாசகர்)

பதில்: தெரிந்த கடை, தெரிந்த கடை என்று கடிதத்தில் நாலு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். மூன்றை நான் வெட்டிவிட்டேன். தெரிந்த கடைக்காரர் பில் புத்தகம் அச்சடிப்பதில்லையா? பில் தர மறுப்பதே சட்டப்படி முறையற்ற வணிகம். நீங்கள் கேட்டு அவர் மறுக்கவில்லை, நீங்கள் கேட்கவே இல்லை. வெள்ளிக்கும் ஹால்மார்க் உண்டு, அதையும் பார்க்கவில்லை. போனில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு போய்ப் பேசிப் பாருங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் எனக்கு வழி தெரியவில்லை. ஐயாவிடமிருந்து கிண்ணத்தைத் திருப்பி வாங்கிவிடாதீர்கள், அது இன்னும் அசிங்கம்.

கேள்வி: 90 வயதுப் பாட்டிக்குப் பவானி ஜமக்காளம் கொடுக்கலாமா? (ஈரோடு)

பதில்: கட்டிலில் விரிக்க என்றால் தாராளமாக. தரையில் விரிக்க என்றால் வேண்டவே வேண்டாம், மடிந்த ஓரம் காலைத் தடுக்கும். ஈரோட்டில் இருந்துகொண்டு விசைத்தறிச் சரக்கை வாங்கிவிடாதீர்கள். ஜமக்காளம் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கைத்தறிக்கென்றே ஒதுக்கப்பட்ட ரகம். கூட்டுறவுச் சங்கக் கடையில் வாங்குங்கள்.

கேள்வி: பால் கலந்து குடிக்கும் சத்துமாவு டப்பா பெரியவர்களுக்குப் பாதுகாப்பான பரிசுதானே? (திருநெல்வேலி வாசகி)

பதில்: டப்பா என்ற சொல்லை எழுதிவிட்டீர்கள், இனி என்னை நிறுத்த முடியாது.

உள்ளே இருப்பதை முதலில் முடித்துவிடுகிறேன். 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகை உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரையறுக்கப்படவே இல்லை. இப்படிப்பட்ட பானங்களை அந்தத் தலைப்பில் வைத்து விற்காதீர்கள் என்று 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் இணையதளக் கடைகளுக்குச் சொல்லியது. டப்பாவின் பின்பக்கம் 100 கிராமுக்கு எவ்வளவு சர்க்கரை என்று போட்டிருக்கும். படியுங்கள், படிக்க முடிந்தால்.

அந்தப் படிக்க முடிந்தால் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். வெள்ளி நிறத் தாளில் வெளிர் சாம்பலில் தேதி. மாத்திரை அட்டையில் கிழிக்கிற இடத்தில் காலாவதி மாதம், இரண்டு மாத்திரை தின்றதும் அந்த மாதமும் போய்விடும். மூடியைத் திருகினால் உள்ளே ஒரு தகடு, அதன் காது நகத்துக்குச் சிக்காது. பிஸ்கட் பாக்கெட்டில் 'இங்கே கிழிக்கவும்' என்று ஒரு சிவப்பு நூல், அது எங்கே தொடங்குகிறது என்று இதுவரை நான் பார்த்ததில்லை. இதையெல்லாம் இருபத்தைந்து வயதுக் கையும் கண்ணும் உள்ளவர்கள் உட்கார்ந்து வடிவமைக்கிறார்கள். மூட்டு வீங்கிய விரலால் ஒரு மூடியைத் திறக்க முடியுமா என்று யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. எதிர்வீட்டுத் தாத்தா ஒரு ஊறுகாய் பாட்டிலை அருவாமனை முனையால் நெம்பப் போய் உள்ளங்கையில் நாலு தையல். அந்த ஊறுகாய் பாட்டிலும் நான் கொடுத்ததுதான்.

அதனால் இப்போது எதை வாங்கினாலும் கையை ஈரமாக்கிக்கொண்டு இடது கையால் திறந்து பார்ப்பேன். திறக்கவில்லை என்றால் அது எங்கள் வீட்டிலேயே இருந்துவிடும். கொடுக்கிற டப்பாவின் உள்தகட்டை நீங்களே உரித்துவிட்டு மூடியை லேசாகத் திருகிக் கொடுங்கள். காலாவதித் தேதியை மார்க்கரால் மூடிமேல் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். திறந்த பொருளை யாராவது பரிசாகக் கொடுப்பார்களா என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

கேள்வி: மின்சாரத்தில் சூடாகும் ஒத்தட பை? (நாகர்கோவில்)

பதில்: சர்க்கரை வியாதியால் கால் மரத்தவர்களுக்குச் சுடுவது தெரியாது, வெந்துவிடும். வேண்டாம். என்னிடம் ஒன்று பரணில் கிடக்கிறது, கேட்டாலும் தர மாட்டேன்.

கேள்வி: கீழ்வீட்டு அம்மாவுக்கு 89 வயது. நான் கொடுத்த மூன்று நூல் சேலைகளும் மடிப்பு கலையாமல் பீரோவில் இருக்கின்றன. எதைக் கொடுத்தால் பயன்படுத்துவார்? (கும்பகோணம் வாசகி)

பதில்: பீரோவுக்குள் போகாத பொருளாகப் பாருங்கள். அந்த வயதில் புதுச்சேலை என்பது யாராவது வந்தால் கட்டிக்கொள்ள, அல்லது பேத்திக்குக் கொடுக்க. வருத்தப்பட ஒன்றுமில்லை. தீர்ந்துபோகிற பொருளாகக் கொடுங்கள்: நல்ல விபூதி, திரி, அப்போதே அரைத்த காபித்தூள். காபித்தூள் என்றால் 100 கிராமுக்கு மேல் வேண்டாம், மணம் போய்விடும். பாக்கெட்டில் வாங்கினால் சிக்கரி எத்தனை சதவீதம் என்று பாருங்கள், போட்டே ஆக வேண்டும், 49 வரை சேர்க்கச் சட்டம் விடுகிறது. அவர் எவ்வளவு சேர்ப்பார் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எதிர்வீட்டில் இருபதுதான் கணக்கு. போன மாதம் கவனிக்காமல் முப்பது வாங்கிப் போய்விட்டேன். ஒரு வாய் குடித்துவிட்டு டபராவை என் பக்கம் தள்ளி வைத்தார்.