வியாழன் இரவுக்கும் பணம் வேண்டும்

சினிமா கேள்வி-பதில் பகுதிக்கு இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: சின்ன பட்ஜெட்டில் த்ரில்லர். அவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

? நண்பர்கள் சேர்ந்து ஒரு கோடி ரூபாய் புரட்டியிருக்கிறோம். ஒரே வீடு, ஒரே இரவு, ஐந்து கதாபாத்திரங்கள். ஸ்கிரிப்ட் 92 பக்கம். எத்தனை நாளில் எடுக்கலாம், பணத்தை எப்படிப் பிரிக்கலாம்?
*— தேனி வாசகர்*

பக்கத்தை வைத்து நாள் கணக்குப் போடாதீர்கள். உட்கார்ந்து பேசும் காட்சி என்றால் ஒரு கால்ஷீட்டில் நாலு பக்கம் ஓடிவிடும். "அவன் படியேறித் துரத்துகிறான். அவள் மொட்டைமாடிக் கதவைத் தாழிடுகிறாள்" என்பது ஸ்கிரிப்டில் இரண்டே வரி, எடுக்க ஒன்றரை இரவு. த்ரில்லரில் இந்த மாதிரி வரிகள்தான் அதிகம். எனவே முழு ஸ்கிரிப்டையும் ஷாட்டாகப் பிரித்து எழுதுங்கள். ஒரே அறை, பழகிய யூனிட் என்றால் நாளைக்கு 18 முதல் 22 ஷாட் வரை எதிர்பார்க்கலாம். லைட்டிங்கைத் திருப்பிப் போட வேண்டிய ஒவ்வொரு தடவையும் 40 நிமிடம் போய்விடும். அதனால் கதவுப் பக்கம் பார்க்கும் ஷாட்டுகளை எல்லாம் முதலில் முடித்துவிட்டு, பிறகு ஜன்னல் பக்கம் திரும்புங்கள். ஐந்து பேர், ஒரு வீடு என்றால் 26 முதல் 30 நாள் நியாயமான கணக்கு.

பணத்துக்கு எங்கள் யோசனை இது. 30 லட்சத்தை வெளியீட்டுக்கென்று தனிக் கணக்கில் போட்டு, காசோலையில் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்று வைத்துவிடுங்கள். எடிட்டிங், டிஐ (நிறத்தைச் சீராக்கும் வேலை), சவுண்ட், ரீ-ரெக்கார்டிங் (பின்னணி இசை) எல்லாம் சேர்த்து 18 லட்சம். எதிர்பாராத செலவுக்கு 5 லட்சம். மிச்சம் 47 லட்சத்தில் ஷூட்டிங். இது முடியாது என்று தோன்றினால் ஸ்கிரிப்டைக் குறையுங்கள், 30 லட்சத்தில் கை வைக்காதீர்கள். முதல் படம் எடுப்பவர்களில் பலர் 85 லட்சத்தை ஷூட்டிங்கிலேயே கரைத்துவிட்டு, பூசணிக்காய் உடைத்த மறுநாள் ஃபைனான்ஸியர் வாசலில் நிற்கிறார்கள். அந்த வட்டிதான் பிறகு படத்தின் கழுத்தைப் பிடிக்கும். எப்படி என்பது கடைசிக் கேள்வியில் வருகிறது.

வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நாள் வாடகை ஷூட்டிங் பங்களா வேண்டாம். சீரியலில் நூறு தடவை பார்த்த படிக்கட்டு அது. இடிக்கப்போகிற, விற்பனைக்குக் காலியாகக் கிடக்கிற பழைய வீட்டை இரண்டு மாத வாடகைக்குப் பேசுங்கள். சுவரில் ஆணி அடித்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

? கதை முழுக்க ராத்திரி. இரவு பேட்டா கட்டுப்படியாகவில்லை. பகலில் எடுத்து இரவாகக் காட்ட முடியுமா?
*— வேலூர் உதவி இயக்குநர்*

வீட்டுக்குள் நடப்பது அத்தனையும் முடியும். ஜன்னலுக்கு வெளியே கறுப்புத் துணி கட்ட வேண்டும், ஆனால் ஜன்னலோடு ஒட்டிக் கட்டக் கூடாது. நாலடி தள்ளி மூங்கில் சட்டம் போட்டு, மேலேயும் மூடி, கூடாரம் போலக் கட்டுங்கள். அந்த நாலடிக்குள் ஒரு லைட்டை வைத்தால் அதுதான் நிலா வெளிச்சம். அங்கேயே இரண்டு தென்னங்கீற்றைத் தொங்கவிட்டு ஒருவர் மெல்ல ஆட்டினால் சுவரில் நிழல் அசையும், வெளியே ஒரு தோட்டமே இருப்பதாகத் தோன்றும். ஜன்னலோடு ஒட்டிக் கட்டினால் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் வெறும் கறுப்புப் பலகைதான் தெரியும். இன்னொன்று, உள்ளே காற்றே வராது. மதியம் இரண்டு மணிக்கு நடிகர் வியர்த்துக் கொட்டுவார். பயத்தில் வியர்க்கிற காட்சிகளை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பழைய வீட்டில் 15 ஆம்ப் பிளக் ஒன்று தாங்குவது அதிகபட்சம் 3,450 வாட். வயரிங் எத்தனை வயதோ தெரியாது, எனவே 2,000 வாட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள். 300 வாட் எல்இடி லைட் ஆறு போதும், ஜெனரேட்டர் செலவு மிச்சம். ஒரு எலக்ட்ரீஷியனைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டின் வெளித்தோற்றத்துக்குச் சூரியன் மறைந்த பிறகு கிடைக்கும் இருபது நிமிடம்தான் தங்கம். நம் ஊரில் அதற்கு மேல் வெளிச்சம் நிற்காது. வானத்தில் கருநீலம் மிச்சமிருக்க, வீட்டுக்குள் விளக்கெரிய, இரண்டு ஷாட் எடுக்கலாம். மூன்றாவதற்கு ஆசைப்பட வேண்டாம். தெருக் காட்சி மட்டும் நிஜ இரவில்தான் எடுக்க வேண்டும். அதற்கு 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்று வரவழைத்துத் தார் ரோட்டை நனையுங்கள். காய்ந்த ரோடு வெளிச்சத்தை விழுங்கும். நனைந்த ரோடு ஒரே தெருவிளக்கை நாலாகக் காட்டும். லைட் வாடகையைவிட லாரித் தண்ணீர் மலிவு.

? ராத்திரி தெருவில் எடுத்ததில் விளக்குகள் எல்லாம் துடிக்கின்றன. கேமராக் கோளாறா?
*— நாகர்கோவில் வாசகர்*

கேமரா மேல் பழி போடாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 24 ஃபிரேமில், 180 டிகிரி ஷட்டரில் எடுத்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சம் விழும் நேரம் 1/48 நொடி. விளக்கின் துடிப்போடு அது பொருந்தாது. ஷட்டரை 172.8 டிகிரிக்கு மாற்றினால் 1/50 ஆகிவிடும், துடிப்பு நிற்கும். மலிவான எல்இடி விளக்குகளில் சில அதற்கும் அடங்காது. லொக்கேஷன் பார்க்கப் போகும்போதே அதே கேமராவில் ஒவ்வொரு விளக்கையும் பத்து நொடி பதிவு செய்து பெரிய திரையில் பாருங்கள். எடுத்து முடித்ததை டிஐயில் சரிசெய்ய மென்பொருள் இருக்கிறது. நேரமும் பணமும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

? லைவ் சவுண்டா, டப்பிங்கா?
*— கோவை வாசகி*

நடிகர்கள் தமிழை ஒழுங்காகப் பேசுகிறார்கள், வீடு மெயின் ரோட்டிலிருந்து தள்ளி இருக்கிறது என்றால் லைவ். பயந்தவர் விடும் மூச்சை மூன்று மாதம் கழித்து ஏசி அறையில் மைக் முன் நின்று கொண்டுவருவது கடினம். இரண்டில் ஒன்று இல்லையென்றால் டப்பிங். பாதி லைவ், பாதி டப்பிங் என்பது மட்டும் வேண்டவே வேண்டாம். காதுக்கு உடனே தெரிந்துவிடும்.

லைவ் என்றால் சில ஒழுங்குகள். ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டார் மூன்றும் நிறுத்தம். ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறந்து வீட்டுக்காரரின் மாவு புளித்துப்போகும். அதற்கு சவுண்ட்காரர்களிடம் ஒரு தந்திரம் உண்டு, கார் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுவார்கள். ஜெனரேட்டர் வந்தால் குறைந்தது 200 அடி தள்ளி, நடுவில் ஒரு கட்டடமாவது மறைக்க வேண்டும். ஒவ்வொரு அறையிலும், யாரும் அசையாமல், ஒரு நிமிடம் வெறும் அமைதியைப் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் வசனத்துக்கு இடையில் ஒட்டுப்போட அதுதான் வேண்டும். முழு நிசப்தத்தை வைத்து ஒட்டினால் தியேட்டரில் ஸ்பீக்கர் செத்துப்போனது மாதிரி இருக்கும்.

மிக்ஸிங்கில் ஒரு எச்சரிக்கை. ஸ்டூடியோவில் ஒலியளவை 7-ல் வைத்துக் கேட்பீர்கள். பல தியேட்டர்களில் ஆபரேட்டர் 5-ஐ ஒட்டித்தான் வைப்பார். கிசுகிசுப்பாகச் சொல்லப்படும் துப்பு அங்கே காணாமல் போகும். முடிந்த மிக்ஸை ஒரு தடவை 5-ல் ஓட்டிக் கேளுங்கள். அப்போது புரியாத வசனத்தை மட்டும் ஏற்றுங்கள்.

? செயற்கை ரத்தம் நாமே தயாரிக்கலாமா?
*— சேலம் கலை உதவியாளர்*

தாராளமாக. பேக்கரிப் பொருள் விற்கும் கடையில் லிக்விட் குளுக்கோஸ் கிடைக்கும். ஒரு கப்புக்குக் கால் கப் தண்ணீர், இரண்டு டீஸ்பூன் சிவப்பு உணவு நிறம், ஒரு டீஸ்பூன் கோகோ தூள், நீல நிறம் ஒரே ஒரு சொட்டு. கோகோ போடாவிட்டால் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும், ரோஸ்மில்க்தான். வாயிலிருந்து வழிய வேண்டுமானாலும் இது பாதுகாப்பு. சட்டையில் மட்டும் படுவதற்குப் பாத்திரம் கழுவும் திரவத்தில் அதே நிறங்களைக் கலந்தால் துவைக்கும்போது எளிதாகப் போகும். அதை வாய், கண் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஒரே மாதிரிச் சட்டை மூன்று இல்லாமல் ரத்தக் காட்சியைத் தொடங்காதீர்கள். சர்க்கரைப் பாகு என்பதால் அரை மணியில் எறும்பு வரும். பிணமாகப் படுத்திருப்பவர் பாவம்.

? சென்சாரில் 'ஏ' கிடைத்தால் என்ன நஷ்டம்? த்ரில்லருக்கு அதுதானே கெத்து?
*— மதுரை வாசகர்*

கெத்துக்குக் காசு கிடையாது. 'ஏ' படத்தை டிவியில் போட முடியாது. டிவிக்கென்று வெட்டி மறுபடி சான்றிதழ் வாங்க வேண்டும். குடும்பமாக வருகிறவர்களும் போய்விடுவார்கள். 2024 விதிகளின்படி யுஏ இப்போது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. பெரும்பாலான த்ரில்லர்களுக்கு 16+ போதுமான இடம். கத்தி இறங்குவதைக் காட்டாமல் சத்தத்தைக் காட்டுங்கள், பயமும் கூடும்.

வெட்டைவிடத் தாள்களால்தான் சின்னப் படங்கள் தாமதமாகின்றன. சிகரெட் காட்சி இருந்தால் தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பிறகும் எச்சரிக்கைப் படங்கள், புகைக்கும்போது கீழே வாசகம், எல்லாம் கட்டாயம். நாய், கோழி, குதிரை எது நடித்தாலும் விலங்குகள் நல வாரியத்திடம் ஷூட்டிங்குக்கு முன்பே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். எடுத்துவிட்டுப் போய் நின்றால் பதில் இருக்காது. கதைக்கு நாய் தேவையா என்று யோசியுங்கள்; வெளியே எங்கோ குரைக்கவிட்டால் போதுமே. பின்னணியில் ரேடியோவில் பழைய பாட்டு ஓடினால் ஆடியோ நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான உரிமை வேண்டும், ரிங்டோனுக்கும் சேர்த்து. இன்னொன்று: சான்றிதழ் வாங்கிய பிறகு 'லேக் அடிக்கிறது' என்று பத்து நிமிடத்தை வெட்டினாலும் சென்சார் வாரியத்துக்குத் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும்.

? ட்விஸ்ட்டை முதல் காட்சி பார்த்தவர்கள் போட்டு உடைத்துவிட்டால்?
*— ஈரோடு வாசகர்*

உடைப்பார்கள். தெரிந்த பிறகும் உட்கார வைக்கும் காட்சிகள் நாலு இருந்தால் படம் நிற்கும். டிரெய்லரில் நீங்களே உடைக்காமல் இருந்தால் சரி.

? 50 தியேட்டரில் வெளியிட்டால் போட்ட பணம் வருமா?
*— திருச்சி வாசகர்*

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு டிக்கெட்டில் ஜிஎஸ்டியை முதலில் கழித்துவிடுங்கள். மிச்சம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தியேட்டரோடு பாதிப் பாதி பேசியிருந்தால் 50. விநியோகஸ்தர் கமிஷன் பத்து சதவீதம் போனால் 45. உள்ளாட்சிக் கேளிக்கை வரியை இதில் சேர்க்கவே இல்லை. போஸ்டர், விளம்பரம், டிஜிட்டல் கட்டணம் எல்லாம் சேர்த்து வெளியீட்டுக்கு 30 லட்சம் செலவு என்றால், அதை மட்டும் எடுக்க சுமார் 67,000 பேர் வர வேண்டும். 50 தியேட்டர், நாளைக்கு இரண்டு காட்சி, வெள்ளி சனி ஞாயிறு என்றால் 300 காட்சிகள். காட்சிக்கு 220-க்கு மேல் ஆள். ஏழு நாளும் ஓடினால் காட்சிக்கு 95 பேர் போதும். எனவே தியேட்டர் எண்ணிக்கையைவிட திங்கட்கிழமையைத் தாண்டுவதுதான் முக்கியம்.

சின்னப் படத்துக்கு ஏரியா எம்.ஜி. (குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை) யாரும் தரமாட்டார்கள். கமிஷன் அடிப்படையில்தான் போகும். அப்படியானால் செங்கல்பட்டு, கோவை, மதுரை என்று எல்லா ஏரியாவிலும் தூவ வேண்டாம். சென்னை, கோவை மாதிரி மல்டிபிளெக்ஸ் கூட்டமுள்ள ஊர்களில் 25 திரை போதும். ஆனால் காலை 11 மணி ஒற்றைக் காட்சியை ஒப்புக்கொள்ளாதீர்கள். த்ரில்லருக்குக் கூட்டம் மாலை, இரவுக் காட்சியில்தான். இரண்டு காட்சியில் ஒன்று ஆறு மணிக்கு மேல் வேண்டும் என்று பேசி எழுதி வாங்குங்கள்.

? ஓடிடிக்காரர்கள் 'எம் அண்ட் இ' கேட்கிறார்களாம். அது என்ன?
*— புதுச்சேரி வாசகி*

வசனம் மட்டும் இல்லாத, இசையும் மற்ற எல்லா ஒலிகளும் உள்ள டிராக். தெலுங்கிலோ இந்தியிலோ டப் செய்ய அது இல்லாமல் முடியாது. லைவ் சவுண்டில் எடுத்தவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். வசனத்தை எடுத்தால் கூடவே காலடி, நாற்காலி, சேலைச் சரசரப்பு எல்லாம் போய்விடும். அத்தனையையும் ஃபோலியில், அதாவது படத்தைப் பார்த்தபடி ஒலிகளைத் தனியாக உருவாக்கிப் பதிவு செய்யும் முறையில், திரும்பச் செய்ய வேண்டும். ஃபைனல் மிக்ஸிங்கின்போதே செய்துவிட்டால் செலவு குறைவு. டைட்டில் எழுத்துகள் இல்லாத பிரதி ஒன்றும், தமிழறிந்தவர் எழுதிய சப்டைட்டிலும் தயாராக இருக்கட்டும். தியேட்டர் மிக்ஸை அப்படியே கொடுக்காதீர்கள். உதாரணமாக நெட்ஃப்ளிக்ஸ் கேட்கும் வசன அளவு −27 எல்கேஎஃப்எஸ் (ஒலியின் உரத்தை அளக்கும் அலகு). வீட்டு டிவிக்கென்று தனி மிக்ஸ் வேண்டும்.

? படம் தயார், போஸ்டரும் ஒட்டியாகிவிட்டது, ஆனாலும் வெள்ளிக்கிழமை காலைக் காட்சி ரத்து என்கிறார்களே, ஏன்?
*— சென்னை வாசகர்*

படம் தியேட்டருக்குப் போவது டிசிபி என்ற பூட்டிய வடிவத்தில். இரண்டு மணி நேரப் படம் நூறு, இருநூறு ஜிபி வரும். அது முன்பே தியேட்டர் சர்வரில் ஏறியிருக்கும். திறக்கும் சாவிக்குப் பெயர் கேடிஎம். ஒரு சாவி ஒரு திரையின் சர்வருக்கு மட்டும், குறிப்பிட்ட தேதி, நேரத்துக்கு மட்டும். சர்வரை மாற்றியிருந்தால் பழைய சாவி திறக்காது. இது தொழில்நுட்பக் காரணம், ஒரு போனில் தீரும்.

தீராதது இன்னொரு வகை. தயாரிப்பாளர் வட்டிக்கு வாங்கியவர், லேபுக்குப் பாக்கி வைத்தவர் என்றால் ஃபைனான்ஸியரும் லேபும் 'ஆட்சேபணை இல்லை' என்று கடிதம் தரும்வரை சாவி போகாது. வியாழன் இரவு பத்து மணிக்கு மேல் நடக்கும் பஞ்சாயத்து அதுதான். அங்கே ஓடிடி உரிமை, டிவி உரிமை, இந்தி டப்பிங் எல்லாம் அவசரத்தில் பாதி விலைக்குக் கைமாறும். விடியற்காலை நாலு மணிக்குக் கடிதம் வந்தாலும், ஒவ்வொரு திரைக்கும் சாவி போய்ச் சேர்ந்து ஆபரேட்டர் அதை ஏற்ற நேரம் வேண்டும். அதற்குள் தியேட்டர்காரர் அந்தக் காட்சிக்கு வேறு படம் போட்டுவிடுவார். எல்லாப் பாக்கிக்கும் கடிதத்தை முந்தைய திங்கட்கிழமையே வாங்கிக் கோப்பில் வையுங்கள். புதன் மாலைக்குள் சாவி போய்விட்டால், வியாழன் மதியம் ஒவ்வொரு திரையிலும் முதல் இரண்டு நிமிடத்தை ஓட்டிப் பார்க்கச் சொல்லலாம்.