ஸ்கூபா டைவிங் முடிச்ச அன்னைக்கே ஃப்ளைட் ஏறலாமா?

தீவு ரிசார்ட்ல அஞ்சு நாள் தங்குறோம், கடைசி நாள் காலைல ஒரு டைவ் போட்டுட்டு சாயந்தரம் ஃப்ளைட் பிடிக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு வேண்டாங்க.

10 மீட்டர் இறங்கினாலே அழுத்தம் ரெண்டு மடங்கு, 20 மீட்டர்னா மூணு மடங்கு, அந்த அழுத்தத்துல நீங்க இழுக்குற காத்துல இருக்குற நைட்ரஜன் ரத்தத்துலயும் சதையிலயும் கரைஞ்சு தங்கிடும், மேல வந்த உடனே எல்லாம் போயிடாது, மூச்சு வழியா கொஞ்சம் கொஞ்சமா மணிக்கணக்குல தான் வெளியேறும். ஃப்ளைட் கேபின்ல அழுத்தம் 2,400 மீட்டர் மலை மேல இருக்குற அளவுக்குக் குறையலாம். சோடா பாட்டில் மூடிய லேசா திருகின உடனே அடியிலேர்ந்து குமிழி குபுகுபுன்னு கிளம்புதுல்ல, உடம்புக்குள்ள அது நடந்தா மூட்டு வலி, கை கால் மரத்துப் போறது, தலைசுத்தல்னு ஆரம்பிச்சு தண்டுவடம் வரைக்கும் பாதிக்கலாம்.

டைவிங் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் சொல்றது, ஒரே ஒரு சாதாரண டைவ்னா குறைஞ்சது 12 மணி நேரம், பல டைவ் இல்ல பல நாள் டைவ்னா 18 மணி நேரம், டிகம்ப்ரஷன் ஸ்டாப் (மேல வர்ற வழியில நடுவுல நின்னு நைட்ரஜன் வெளியேறக் காத்திருக்கிறது) போட வேண்டிய டைவ்னா அதுக்கும் மேல. நான் எப்பவும் முழுசா 24 மணி நேரம் விட்டுடுவேன்.

ஆழமான டைவ் எல்லாம் முன்னாடியே முடிச்சுடுங்க. கடைசி நாள் மேலாக்க நீந்தி ஸ்நார்கெலிங் பண்ணலாம், தப்பில்ல, ஆனா தீவுல உயரமான மலை இருந்தா அன்னைக்கு ஏறாதீங்க. மூச்சு இழுக்குற ரெகுலேட்டர், டைவிங் உடையான வெட்சூட்ட நல்ல தண்ணில அலசி நிழல்ல தொங்க விடவும் அந்த நாள் சரியா இருக்கும்.