‘ஜான் ஆடம்ஸ்’ தொடரைப் பற்றி ஏன் இத்தனை மாறுபட்ட கருத்துகள்? எட்டு மணி நேரம் செலவழித்துப் பார்க்கலாமா?

தாராளமாகப் பார்க்கலாம். நான் இரண்டு முறை பார்த்துவிட்டேன். இரண்டாவது முறை என் மனைவியோடு. நாயகன் எப்போதும் சிடுசிடுவென்று இருக்கிறார், கேமரா காரணமில்லாமல் சாய்ந்து நிற்கிறது, வரலாறு பல இடங்களில் மாற்றப்பட்டிருக்கிறது என்று மூன்று குறைகளைக் கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். பார்த்தவர்கள் பேசும்போது நானும் இவற்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். கேமரா விஷயத்தில் எனக்கும் வருத்தம் உண்டு. வரலாறு பற்றிய குறை நியாயமானது. முதல் குறையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தச் சிடுசிடுப்புதான் இந்தத் தொடரின் உயிர்.

பார்க்காதவர்களுக்காக: 2008இல் அமெரிக்காவின் எச்பிஓ தொலைக்காட்சியில் வந்த ஏழு பகுதித் தொடர் இது. டேவிட் மெக்கல்லோ எழுதிய வாழ்க்கை வரலாற்றை வைத்து டாம் ஹூப்பர் இயக்கினார். அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி ஜான் ஆடம்ஸாக பால் ஜியாமட்டி, மனைவி அபிகெயிலாக லாரா லின்னி. அந்த வருடம் 13 எம்மி விருதுகள் வாங்கியது.

ஒரு நாட்டை நிறுவியவர் என்றதும் நம் மனதில் சிலைதான் எழுகிறது. நிமிர்ந்த நடை, கணீர்க் குரல், கலங்காத முகம். இந்தத் தொடரில் அப்படி ஒருவர் இருக்கிறார், டேவிட் மோர்ஸ் நடித்த வாஷிங்டன். (அவரும் பதவிப் பிரமாணத்தை யாருக்கும் கேட்காத குரலில் முணுமுணுப்பது எனக்கு மிகவும் பிடித்த இடம்.) ஆடம்ஸ் குள்ளம், குண்டு, விவசாயி வீட்டுப் பிள்ளை. வாதத்தில் ஜெயித்த பிறகும் இன்னும் இரண்டு வார்த்தை பேசி எதிரியைச் சம்பாதித்துக்கொள்பவர். இதெல்லாம் நடிகர் சேர்த்த மசாலா இல்லை. சுதந்திரப் பிரகடனத்தை ஜெஃபர்சன்தான் எழுத வேண்டும் என்று தான் வற்புறுத்தியதற்குக் காரணம் சொல்லும்போது, தன்னை யாருக்கும் பிடிக்காது, எல்லோரும் சந்தேகப்படுகிறார்கள், ஜெஃபர்சன் அதற்கு நேர்மாறானவர் என்று 1822இல் ஆடம்ஸே கடிதத்தில் எழுதியிருக்கிறார். தன்னை இவ்வளவு தெளிவாகத் தெரிந்து வைத்திருந்தும் மாற முடியாத மனிதர் அவர். ஜியாமட்டி அதை முகத்திலேயே கொண்டுவந்துவிடுகிறார். யாராவது தன்னைப் பாராட்டிவிட மாட்டார்களா என்று ஒரு ஏக்கம், அது வெளியே தெரிந்துவிடக் கூடாதே என்று ஒரு விறைப்பு.

நான்காவது பகுதியில், 1785இல், பிரிட்டனுக்கு அமெரிக்கா அனுப்பிய முதல் தூதராக அவர் மூன்றாம் ஜார்ஜ் மன்னரைச் சந்திக்கிறார். உள்ளே போகும்போது மூன்று முறை குனிய வேண்டும், திரும்பும்போது முதுகைக் காட்டாமல் பின்னால் நடந்தபடி மறுபடியும் குனிய வேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன்பு யாருடைய ஆட்சியைத் தூக்கியெறிய வாதாடினாரோ அதே மன்னரின் முன்னால் நிற்கிறார். இருவருக்குமே குரல் தடுமாறுகிறது. கம்பீரமான ஒரு நாயகன் இதைச் செய்திருந்தால் வெறும் சடங்காகப் போயிருக்கும். இந்தப் பதற்றக்காரர் செய்யும்போது நமக்கும் கை வியர்க்கிறது.

இனி வரலாற்றுக் குறை. மற்ற மாற்றங்களை எல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன். முதல் பகுதியில் ஒன்றை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. நான் மாவட்ட நீதிமன்றத்தில் கிரிமினல் வழக்கு நடத்துகிறவன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

1770 மார்ச் 5 இரவு பாஸ்டனில் ஒரு கூட்டம் பிரிட்டிஷ் சிப்பாய்களைச் சூழ்ந்துகொண்டு பனிக்கட்டிகளையும் கட்டைகளையும் வீசுகிறது. சிப்பாய்கள் சுடுகிறார்கள். ஐந்து பேர் செத்துப்போகிறார்கள். ஊரே கொதிக்கிறது. அந்தச் சிப்பாய்களுக்காக ஆஜராக 34 வயது ஆடம்ஸ் சம்மதிக்கிறார். தொடரில் அவர்களுடைய கேப்டன் பிரெஸ்டனையும் சிப்பாய்களையும் ஒரே விசாரணையில் நிறுத்தி, எல்லோரும் குற்றமற்றவர்கள் என்று தீர்ப்பு சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

நடந்தது அப்படி இல்லை. இரண்டு விசாரணைகள் நடந்தன. அதில்தான் சிக்கலே இருந்தது. கேப்டனைக் காப்பாற்ற வேண்டுமானால் ‘அவர் சுடச் சொல்லவில்லை’ என்று வாதாட வேண்டும். சிப்பாய்களைக் காப்பாற்ற ‘சொன்னார், அதனால் சுட்டோம்’ என்பதுதான் கைக்கு எட்டிய வாதம். தங்களையும் கேப்டனோடு சேர்த்தே விசாரிக்கும்படி சிப்பாய்கள் மனுக்கூடப் போட்டார்கள், பயன் இல்லை. இரண்டு வழக்கிலும் ஆடம்ஸே ஆஜரானார். ஒரு கட்சிக்காரருக்காகப் பேசும் பேச்சு இன்னொரு கட்சிக்காரரின் கழுத்துக்குக் கயிறாகலாம். எந்த வக்கீலுக்கும் இது கெட்ட கனவு.

அக்டோபரில் பிரெஸ்டன் விடுதலையானார். சிப்பாய்கள் எட்டுப் பேரின் வழக்கு டிசம்பர் 5இல் முடிந்தது. தற்காப்பு வாதம் எடுபட்டு ஆறு பேர் விடுதலை. மாண்ட்கோமரி, கில்ராய் என்ற இருவர் மீது மட்டும் கொலைக்குக் கீழான குற்றம் உறுதியானது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் கொலைக்கான 302இலிருந்து 304க்கு இறங்கிவிட்டது என்று நாங்கள் சொல்வோமே, கிட்டத்தட்ட அப்படி. அதற்கும் மரண தண்டனை வந்திருக்கலாம். பாதிரிமார்களுக்கென்று இருந்த ஒரு பழைய சலுகையைக் கேட்டு வாங்கி, கட்டைவிரலில் சூடு போட்டு அவர்களை விட்டுவிட்டார்கள். அதே சலுகையை இன்னொரு தடவை கேட்டு வரக் கூடாது என்பதற்காக அந்தச் சூடு.

என் வருத்தம் என்னவென்றால், உண்மைத் தீர்ப்புதான் பெரிய தீர்ப்பு. அவ்வளவு கோபம் இருந்த இடத்திலும் ஒரு ஜூரி எட்டுப் பேரைத் தனித்தனியாகப் பார்த்திருக்கிறது. இவன் மீது சாட்சி இருக்கிறது, அவன் மீது இல்லை என்று பிரித்திருக்கிறது. எல்லோருக்கும் விடுதலை என்றதும் அது வக்கீலின் வெற்றியாகச் சுருங்கிப்போகிறது. நான் ஜூனியராக இருந்தபோது, ஊரே வெறுத்த ஒரு ஆளுக்கு என் சீனியர் வக்காலத்து போட்டார். மூன்று மாதம் டீக்கடை பெஞ்சில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அந்த வழக்கிலும் பாதிதான் ஜெயித்தார். அந்தப் பாதிக்கு அவர் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

மற்ற மாற்றங்களில் ஒன்று வேடிக்கையாக மாட்டிக்கொள்ளும். பிரிட்டனோடு செய்த ஜே ஒப்பந்தத்துக்கு அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் ஓட்டு சமமாகி, துணை ஜனாதிபதி ஆடம்ஸ் தன் ஓட்டைப் போட்டு நிறைவேற்றுவதாகத் தொடரில் வருகிறது. ஒப்பந்தம் எதுவானாலும் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பது அவர்கள் அரசியல் சாசனம். அங்கே சமன் என்ற பேச்சே எழாது. 1795இல் 20க்கு 10 என்று நிறைவேறியது. ஆடம்ஸ் வேறு விஷயங்களில் இருபதுக்கும் மேற்பட்ட முறை சமனை உடைத்து ஓட்டுப் போட்டவர். அதில் ஒன்றை எடுத்துக் காட்டியிருக்கலாம்.

கேமரா பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பதற்றமான காட்சியில் சாய்ந்தால் சரி. ஒருவர் கடிதம் படிக்கும்போதும் அறை சாய்ந்தால் கண்தான் வலிக்கிறது. இரண்டு பகுதி போனால் பழகிவிடும்.

அப்புறம், லாரா லின்னி. இவரைப் பற்றி மாற்றுக் கருத்து சொன்னவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. கணவர் பிலடெல்பியாவில், பிறகு பாரிஸில். இவர் பண்ணையையும் நான்கு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு போரின் நடுவே இருக்கிறார். பெரியம்மை பரவுகிறது. தடுப்பூசி வராத காலம். நோயாளியின் கொப்புளத்திலிருந்து சீழை எடுத்து, நல்ல பிள்ளையின் கையைக் கீறி உள்ளே வைக்க வேண்டும். நம் ஊரில் பழைய ஆட்கள் அம்மை குத்துவது என்பார்களே, அதற்கு முந்தைய முறை இது. தொடரில் வைத்தியர் ஒரு நோயாளிச் சிறுவனை வண்டியில் போட்டு வீட்டுக்கே கொண்டுவருகிறார். நிஜத்தில் அபிகெயில் 1776 ஜூலையில் பிள்ளைகளை பாஸ்டனுக்குக் கூட்டிப்போய்க் குத்திக்கொண்டார், தனக்கும் சேர்த்து. இடம் மாறினாலும் காட்சியின் கனம் மாறவில்லை. தன் பிள்ளைக்கு அந்தச் சீழை வைக்கும்படி கையை நீட்டிப் பிடிக்கும் தாயின் முகத்தை என் மனைவியால் பார்க்க முடியவில்லை. “நிறுத்துங்க கொஞ்சம்” என்று எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

மகள் நாபிக்கு மயக்க மருந்து இல்லாமல் மார்பகப் புற்றுநோய் அறுவை நடக்கும் காட்சியும் வருகிறது. வீட்டில் யாருக்காவது அந்த நோய் இருந்தால் முன்கூட்டியே தெரிந்துகொண்டு பாருங்கள். 1811இல் நிஜமாக நடந்தது அது. இரண்டு வருடத்தில் அவர் இறந்துபோனார்.

தொடர் முடிந்ததும் என் மனைவி விடவில்லை. ஆடம்ஸ் தம்பதி ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள் 1,100க்கும் மேல் இருக்கின்றன. மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கம் அவற்றைக் கையெழுத்தின் படத்தோடு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தினமும் இரவு சமையலறை வேலை முடிந்ததும் நான்கைந்து படிக்கிறாள். போன வாரம் என்னைக் கூப்பிட்டு ஒன்றைக் காட்டினாள். 1777 ஜூலை 10, இரவு ஒன்பது மணி. அபிகெயிலுக்குப் பிரசவ வலி கண்டு இரண்டு நாளாகிறது, கணவர் பிலடெல்பியாவில். தப்பிக்க முடியாத ஒன்றைத் தாங்குவதற்காக இந்த நிமிடம் பேனாவைக் கீழே வைக்கிறேன் என்று எழுதுகிறார். அதே வரியில் தொடர்ந்து, தாங்கிவிட்டேன், மறுபடி எடுக்கிறேன் என்கிறார். மறுநாள் பெண் குழந்தை பிறந்தது, உயிர் இல்லாமல்.

எழுத்து எங்கேயாவது கோணியிருக்கிறதா என்று என் மனைவி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.