டோனி வில்லியம்ஸ் அப்படி என்னதான் புதிதாகச் செய்தார்?

17 வயதிலேயே டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸின் குழுவில் சேர்ந்த ஜாஸ் டிரம்மர் என்கிறார்களே, வயதைத் தாண்டி அவரிடம் என்ன விசேஷம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வயது நிஜம்தான். 1945-இல் பிறந்தவர், 1963-இல் சேர்ந்தார். அதற்கு முன் பாஸ்டனில் டிரம்மர் ஆலன் டாசனிடம் பாடம், பிறகு சாக்ஸபோன் கலைஞர் ஜாக்கி மக்லீனுடன் கச்சேரிகள்.

விசேஷம் இடது காலில் இருக்கிறது. நான்கு தாளத் தட்டில் இரண்டாவதிலும் நான்காவதிலும் ஹை-ஹேட்டை (காலால் மிதித்து மூடும் ஜோடித் தட்டுகள்) மூடுவதுதான் அன்றைய வழக்கம். டோனி பல இடங்களில் நாலு தட்டுக்கும் மிதித்தார். சில சமயம் காலையே எடுத்துவிடுவார். அப்போது குச்சியால் தட்டும் 'ரைட்' என்ற பெரிய சிம்பலின் சலசலப்பு மட்டும் தாளத்தைத் தாங்கி நிற்கும். போதாக்குறைக்குப் பாட்டின் நடுவே வேகத்தையும் மாற்றுவார், மற்றவர்கள் கூடவே ஓடியாக வேண்டும். 1964 கச்சேரிப் பதிவுகளைக் கேளுங்கள், புரியும்.

1969-இல் மைல்ஸை விட்டு விலகி 'லைஃப்டைம்' என்ற சொந்தக் குழுவைத் தொடங்கினார். ஜாஸும் ராக்கும் கலந்த, காதைப் பிளக்கும் சத்தம். அதில் கிட்டார் வாசித்த ஜான் மெக்லாலின்தான் பிற்பாடு நம்ம விக்கு விநாயக்ராமின் கடத்தோடு 'சக்தி' குழுவில் வாசித்தவர்!

1997-இல், 51 வயதில், பித்தப்பை அறுவைசிகிச்சைக்குப் பின் மாரடைப்பில் இறந்தார்.