எலிக்குப் பயமும் பதற்றமும் ஒன்றுதானா? அதன் மூளை இவற்றை எப்படிக் கட்டுப்படுத்துகிறது?

முதுகலை படித்தபோது சில மாதங்கள் ஆய்வகத்தில் எலிகளோடு பழகியிருக்கிறேன். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இரண்டும் ஒன்றல்ல. எதிரே பூனை நின்றால் எலிக்கு வருவது பயம். பூனையைக் காணோம், ஆனால் வெட்டவெளி, நல்ல வெளிச்சம், எந்தப் பக்கத்திலிருந்து என்ன வருமோ என்று வயிற்றில் புளியைக் கரைக்கிறதே, அது பதற்றம்.

பயத்துக்கான சோதனை எளிமையானது. ஒரு சத்தம் கேட்கும், அது முடியும்போது காலில் லேசான ஷாக். சில முறை நடந்தாலே போதும். மறுநாள் சத்தம் மட்டும் கேட்டாலும் எலி கல்லாய்ச் சமைந்துவிடும், மூச்சு மட்டும்தான் அசையும். சத்தத்தையும் ஷாக்கையும் முடிச்சுப் போடுவது, மூளைக்குள் ஆழத்தில் பாதாம் பருப்பு வடிவில் இருக்கும் அமிக்டலாவின் பக்கவாட்டுப் பகுதி. அதன் மையப் பகுதியிலிருந்து நடுமூளைக்குக் கட்டளை போகும், உடல் உறையும். இந்தப் பாதையைத் துலக்கியவர்களில் நரம்பியல் ஆய்வாளர் ஜோசப் லெடூ முக்கியமானவர். அமிக்டலாவை ஒட்டிய பி.என்.எஸ்.டி. என்ற பகுதிக்கு நீண்டு நிற்கும் பதற்றத்தில் பெரிய பங்கு உண்டு என்று மைக்கேல் டேவிஸ் என்ற ஆய்வாளர் காட்டினார்.

பதற்றத்தை அளக்கக் கூட்டல் குறி வடிவ மேடை ஒன்று உண்டு. தரையிலிருந்து சுமார் அரை மீட்டர் உயரம், இரண்டு கைகளுக்குச் சுவர் இருக்கும், இரண்டுக்கு இருக்காது. ஐந்து நிமிடம் எலி எங்கே இருக்கிறது என்று பார்ப்போம்; பதற்றம் கூடக்கூடச் சுவரில்லாத கைகளுக்கு வருவது குறையும். முதலில் மீசை வெளியே வரும், அப்புறம் மூக்கு. பின்னங்கால்கள் சுவருக்குள்ளேயே இருக்க, உடம்பை ரப்பர் மாதிரி நீட்டி எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று உள்ளே போய்விடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு இளகிவிடும்.

அமிக்டலாவை வெறும் 'பய பட்டன்' என்று எழுதுவது சரியில்லை. 2011இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கே டை (Kay Tye), கார்ல் டைசராத் என்ற ஆய்வாளர்கள் சுண்டெலிகளின் மூளைக்குள் ஒளியைப் பாய்ச்சிச் சோதித்தார்கள். அமிக்டலாவுக்குள்ளேயே ஒரு பகுதியிலிருந்து மையப் பகுதிக்குப் போகும் நரம்பிழைகளை மட்டும் தூண்டியதும் பதற்றம் குறைந்தது, சுண்டெலிகள் மேடையின் சுவரில்லாத கைகளில் கூடுதல் நேரம் இருந்தன. அதே இழைகளைத் தடுத்தால் பதற்றம் ஏறியது. ஆக, தணிக்கும் வழியும் உள்ளேயே இருக்கிறது.

நீங்கள் கேட்ட 'கட்டுப்பாடு' பெரும்பாலும் மூளையின் முன்பகுதியில் நடக்கிறது. ஷாக் இல்லாமல் சத்தத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தால் எலி மெல்ல உறைவதை நிறுத்தும். முகமது மிலாத், கிரெகரி குவிர்க் என்ற ஆய்வாளர்கள் 2002இல் கண்டது இது: இன்ஃப்ராலிம்பிக் என்ற முன்மூளைப் பகுதி 'இப்போது ஆபத்தில்லை' என்ற பாடத்தை நினைவில் வைத்து, பயத்துக்குக் கடிவாளம் போடுகிறது. ஆனால் பழைய பயம் அழிவதில்லை. எலியை வேறு பெட்டிக்கு மாற்றி அதே சத்தத்தைக் கொடுங்கள், மறுபடி உறையும்.

என்னை மிகவும் பாதித்தது பெங்களூருவில் உள்ள என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) என்ற ஆய்வு நிறுவனத்தில் சுமந்திர சட்டர்ஜி குழு செய்த ஆய்வு. எலிகளைத் தினம் 2 மணி நேரம் அசையவிடாமல் வைத்தார்கள், 10 நாட்கள். நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸில் நரம்புச் செல்களின் கிளைகள் சுருங்கின. அமிக்டலாவிலோ கிளைகள் செழித்து வளர்ந்தன. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்கிறோமே, அதற்கு மூளைக்குள் ஓர் உருவம் கிடைத்த மாதிரி இருந்தது எனக்கு. அப்புறம் 21 நாட்கள் அந்த எலிகளைத் தொந்தரவு செய்யாமல் விட்டார்கள். ஹிப்போகாம்பஸ் தேறிவிட்டது. அமிக்டலாவில் வளர்ந்த கிளைகள் அப்படியே இருந்தன. மேடையில் ஏற்றிப் பார்த்தால், எலிகளின் பதற்றமும் குறையவில்லை.